செல்லக்கனியின் இடது கன்னம்

வடசேரிச் சந்தையில் புகையிலைச் சிப்பம் அவிழ்க்கும் நாளில் வியாபாரம் உடனே தொடங்காது. வண்டி வந்து நிற்கும், சுமை இறங்கும், சாக்கு பிரியும், வாங்க வந்தவர்கள் வளைத்து நிற்பார்கள். பிறகு எல்லோரும் சும்மா நிற்பார்கள். ஒரு பெண்ணின் வாய்க்காகக் காத்திருப்பார்கள்.

செல்லக்கனி வருவாள். சிப்பத்தின் நடுவிலிருந்து ஓர் இலையை உருவி, நுனியைக் கிள்ளி, உருட்டி, இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்வாள். மெல்ல மாட்டாள், விழுங்க மாட்டாள். கண்ணையும் மூட மாட்டாள். விற்க வந்தவன் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு துப்பிவிட்டு, “யாழ்ப்பாணம், ஒண்ணாந் தரம்” என்பாள். அல்லது, “உள்ள நாட்டுப் பொயில கலந்து கெடக்கு” என்பாள். அதற்கு மேல் அங்கே பேச்சில்லை. யாழ்ப்பாணத்துச் சரக்குக்கும் உள்ளூர்ச் சரக்குக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. விலைக்குத் தெரியும். நடுவில் இருந்தது அவளுடைய கன்னம்.

இது 1951-ல். அப்போது அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது.

கடை அவள் கணவர் பொன்னுலிங்கத்தினுடையது. சுதந்திரம் வந்த வருடம் காய்ச்சலில் அவர் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு அவருடைய தம்பி நாராயணபெருமாள் வந்து, மைனி வீட்டில் இருக்கட்டும், கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். மறுநாள் காலையில் அவன் சாவி கேட்டு வீட்டுக்கு வந்தபோது செல்லக்கனி கடையில் இருந்தாள். வடசேரியில் பெண்கள் மீன் விற்றார்கள், காய்கறி விற்றார்கள், வாழைக்குலை விற்றார்கள். புகையிலைக் கடைப் பலகையில் ஒரு பெண் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சிரித்தார்கள். இரண்டு மாதம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். அதற்குப் பிறகு, தரம் சொல்லும் கிழவர் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட, ஒரு சிப்பத்தைப் பற்றி இரண்டு வியாபாரிகள் கட்டிப் புரளும் நிலை வந்தது. செல்லக்கனி நடுவில் புகுந்து ஓர் இலையை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். அடிக்கட்டில் கலப்படம் இருக்கிறது என்றாள். அவிழ்த்தார்கள். இருந்தது. அன்றிலிருந்து தரம் சொல்லும் இடம் அவளுடையது. அந்த இடம் இருந்ததால்தான் கடையும் இருந்தது. சரக்கின் தரம் சொல்கிறவளிடம் முதல் சரக்கு வந்து சேரும். அவளை அசைக்க நாராயணபெருமாளால் முடியவில்லை.

தரம் சொல்கிறவர்களுக்குக் காலப்போக்கில் புகையிலை ஒதுக்கும் கன்னம் உள்ளே வெளுத்துப் போகும். அதை இந்தத் தொழிலில் கன்னம் பூத்தது என்பார்கள். நோய் என்று யாரும் நினைக்கவில்லை, படிப்பு முடித்ததற்குக் கிடைத்த பட்டம் போலத்தான் நினைத்தார்கள். அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்கள்: வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டுப் பட்டுத் தோல் வெந்துவிடுகிறது, வெந்த தோலுக்கு எரிச்சல் கிடையாது, எரிச்சல் இல்லாத கன்னத்துக்குத்தான் சரக்கின் ருசி சுத்தமாகத் தெரியும். செல்லக்கனியின் கன்னம் பூத்தபோது கோட்டாறு மொத்த வியாபாரி முகம்மது ஹனீபா அல்வா வாங்கிச் சந்தைக்கே கொடுத்தார். அவருக்கும் வலது கன்னத்தில் ஒரு வெள்ளை உண்டு. புகையிலையைத் தலைமுறையாக விற்கும் குடும்பம். ஆனால் வாயில் வைக்கக் கூடாது என்று அவருடைய வாப்பா சத்தியம் வாங்கியிருந்தார். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் மட்டும்தான். ஆனாலும் தனக்கும் பூத்திருக்கிறது என்று அவர் பெருமை பேசுவார். பொயில போடாத வாய்க்கு என்ன பூ என்று செல்லக்கனி கிண்டல் செய்வாள்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அவளுக்குக் கடைவாய்ப் பல் உடைந்து முகம் வீங்கியது. கிராம்பு வைத்துப் பார்த்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். முடியாமல் பஸ் ஏறி மேற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டாக்டர் இஸ்ரவேல் என்பவர் பல்லைப் பிடுங்கினார். இந்தப் பக்கத்துக்காரர்தான். ஒரு நாளில் நூறு பேருக்கு மேல் பார்க்கிறவர், பேச்சைச் சுருக்கி வைத்திருந்தார். பல்லைப் பிடுங்கிய பிறகு அவளை எழுந்திருக்க விடவில்லை. விளக்கை அருகில் இழுத்தார்.

“இது எத்தனை நாளா இருக்கு?”

“அது கன்னம் பூத்தது டாக்டரே. எங்க தொழில்ல உள்ளதாக்கும்.”

அவர் ஒரு துணித்துண்டை விரலில் சுற்றி அந்த வெள்ளையை அழுத்தித் துடைத்தார். துணியை அவளிடமே காட்டினார். ஒன்றும் இல்லை. பால் ஆடை மாதிரிப் படிந்து, துடைத்தால் வந்துவிடும் வெள்ளை ஒன்று உண்டு. கைக்குழந்தைகளுக்கும் உடம்பு நைந்தவர்களுக்கும் வரும் அக்கரம் அது. இது அதில்லை என்றார். வலது கன்னத்தை விரித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. இரண்டு பக்கமும் வலை பின்னினாற்போல மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடுகிற ஒரு தோல் வியாதி இருக்கிறது, அதுவுமில்லை. உடைந்த பல்லின் கூர் பட்டு உரசித் தடித்திருக்கலாமா என்று பார்த்தார். பல் பின்னால் இருந்தது, வெள்ளை முன்னால் இருந்தது. ஆனாலும் பல் போய்விட்டது, அந்தச் சந்தேகமும் போய்விடும் என்றார். கடைசியில் விரலால் அழுத்திக்கொண்டே வலிக்கிறதா என்று கேட்டார்.

“இல்ல. வலிக்கல்ல. பின்ன என்ன?”

“வலிச்சிருந்தா நான் இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டேன்மா.”

அவள் விடவில்லை. இது சுண்ணாம்பு வெந்தது, சந்தையில் கேட்டால் யாரும் சொல்வார்கள் என்றாள். டாக்டர் மறுக்கவில்லை. சுண்ணாம்பாகவும் இருக்கலாம். சுண்ணாம்பு சுட்ட தோல் சுடுவதை நிறுத்தினால் உரிந்து புதுத்தோல் வந்துவிடும். நிறுத்திய பிறகும் போகாத வெள்ளை ஒன்று இருக்கிறது. புகையிலை ஒதுக்குகிற இடத்தில்தான் அது வரும். எல்லாருக்கும் கெட்டதாக மாறாது. சிலருக்கு மாறும், மாறியவர்களை இந்த வராந்தாவில் தினமும் பார்க்கிறேன் என்று வெளியே கை காட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். துண்டால் தாடையை மூடிக்கொண்டு இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பாத்தா எல்லாம் வெள்ளதான்” என்றார் டாக்டர். “எது போகுது, எது போகல்லங்கத வச்சுத்தான் ஆளைப் பிரிக்க முடியும். ரெண்டு வாரம் வெத்தல, சுண்ணாம்பு, பொயில ஒண்ணும் கூடாது. அப்புறம் வாருங்கோ.”

“வாறேன். வாயத் தொறந்து காட்டுகேன். கன்னம் செவப்பா இருந்தா நீங்க என்ன செய்வியோ?”

“தப்பு எனக்குத்தான்னு இதே வராந்தாவுல வச்சுச் சொல்லுகேன்.”

செல்லக்கனி ஊர் திரும்பியது நோயாளியாக அல்ல, வழக்குப் போட்டவளாக. சந்தை முழுக்கச் சொன்னாள். ஹனீபாவையும் இழுத்துவிட்டாள். அவருக்கும்தான் வெள்ளை இருக்கிறது, அவரும் சுண்ணாம்பை விட வேண்டும், இருவருமாகப் போய் டாக்டர் முன்னால் சிவந்த கன்னத்தைக் காட்ட வேண்டும். ஹனீபாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் பயந்துவிட்டார் என்று பேச்சு வருமே என்பதற்காக ஒத்துக்கொண்டார்.

அந்த இரண்டு வாரமும் சந்தைக்கு நல்ல பொழுதுபோக்கு. வெற்றிலை இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று ஹனீபா காலையும் மாலையும் முறையிட்டார். செல்லக்கனி வாடிக்கைக்காரர்கள் மேல் எரிந்து விழுந்தாள். புகையிலை கேட்டு வந்து தராசையே உற்றுப் பார்த்தவரிடம், எடைக்கல்லையா விழுங்கப் போகிறேன், சும்மா நின்று வாங்கும் என்றாள். வாய் நமநமவென்றது. சுக்கைக் கடித்தாள், கருப்பட்டியைக் கடித்தாள். ஆனால் சுண்ணாம்பைத் தொடவில்லை, சாப்பாட்டுக்குப் பிறகு போடும் புகையிலையைத் தொடவில்லை, படுக்கும்போது கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் வழக்கத்தையும் விட்டாள். ஹனீபா பக்கத்திலேயே இருந்து காவல் காத்தார். அவளும் அவரைக் காவல் காத்தாள்.

தவணை முடிந்து இருவரும் பஸ்ஸில் போனார்கள். டாக்டர் முதலில் ஹனீபாவின் வாயைப் பார்த்தார். வலது கன்னம் புதுத்தோலாக, குழந்தை வாய் மாதிரி இருந்தது. ஹனீபா சந்தோஷப்பட்டார், பட்டம் போய்விட்டதே என்று ஒரு நொடி முகம் சுண்டவும் செய்தது. அடுத்து செல்லக்கனி. டாக்டர் விளக்கைச் சாய்த்துப் பார்த்தார், துணியால் துடைத்தார், விளக்கை நிமிர்த்தினார்.

“அப்படியே இருக்கு. பொயில போட்டியளா?”

“தொடல்ல.”

ஹனீபா சாட்சி சொன்னார். “அல்லா மேல ஆணை டாக்டரே, தொடல்ல. நான் பக்கத்துலயே இருந்தேன். சிப்பம் பாக்கதோட சரி.”

“சிப்பம் பாக்கதுன்னா?”

ஹனீபா விளக்கினார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சரக்கு வரும், ஒவ்வொரு சிப்பத்திலும் ஓர் இலை, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவாள். விளக்க விளக்க டாக்டரின் முகம் மாறியதை இருவருமே கவனிக்கவில்லை. எங்கே வைப்பீர்கள் என்று அவர் கேட்டார். செல்லக்கனி வாயைத் திறந்து ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுக் காட்டினாள். விரல் போய் நின்ற இடம் அந்த வெள்ளையின் நட்டநடு.

விரலை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவள் ஏமாற்றவில்லை. சந்தையில் யாரும் ஏமாற்றியதாக நினைக்கவில்லை. புகையிலை போடுவது வேறு, சரக்கு பார்ப்பது வேறு. ஒன்று பழக்கம், மற்றது வேலை. நெல் வியாபாரி நெல்லைக் கடித்துப் பார்த்தால் சாப்பிட்டான் என்று யார் சொல்வார்கள்? விரதம் இருக்கிற நாளில்கூடத் தரம் சொல்கிறவர்கள் சிப்பம் பார்த்தார்கள். அந்தக் கணக்கில் அவள் இரண்டு வாரமும் சுத்தம்.

“நான் போடல்ல டாக்டரே. பாத்தேன். அது வேல.”

“அது வேலன்னு கன்னத்துக்குத் தெரியுமாம்மா?”

அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். பஸ் தோட்டியோடு என்ற ஊரைத் தாண்டியதும் ஹனீபாதான் தொடங்கினார். ரெண்டு வாரம்தானே, சிப்பம் பார்க்காமல் இருந்துவிடு என்றார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “இருக்கலாம் மொதலாளி. நான் எந்திரிச்ச சூட்டுல நாராயணபெருமாளு உக்காருவான். ரெண்டு வாரம் கழிச்சு நீங்க அவன எழுப்பித் தருவியளா?” என்றாள்.

அதுதான் அவள் முன்னால் இருந்தது. கன்னத்தில் இருப்பது என்னவென்று தெரிய வேண்டுமானால் இடத்தை விட வேண்டும். இடத்தைப் பிடித்துக்கொண்டால் கன்னத்தில் இருப்பது என்னவென்று தெரியப்போவதில்லை.

அடுத்த சிப்பம் அவிழ்க்கும் நாளில் அவள் வழக்கம்போல வந்து நின்றாள். இலையை உருவி நீட்டினார்கள். வாங்கவில்லை. ரெண்டு வாரம் எதையும் வாயில் வைக்கப்போவதில்லை என்று அறிவித்தாள். ஏன் என்று யாரோ கேட்டார்கள். அவள் தலையைப் பின்னால் சாய்த்து, கன்னத்தை விரலால் இழுத்து, வாயை அகலமாகத் திறந்து காட்டினாள். வளைத்து நின்ற ஆண்கள் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பினார்கள். ஒரு பெண்பிள்ளை சந்தை நடுவில் வாயைப் பிளந்து காட்டுவதாவது? அவள் மூடவில்லை. பின்வரிசைக்காரர்களுக்கும் தெரியட்டும் என்று மெல்லத் திரும்பினாள்.

நாராயணபெருமாள் முன்னால் வந்தான். “மைனி, வாய மூடுங்கோ. ஊரு சிரிக்கு.”

“சிரிக்கட்டும். சிரிக்கவியளுக்கும் வாய் உண்டும்லா. போயி கண்ணாடியில பாக்கட்டும்.”

அவன் அன்றே இடத்தில் உட்கார்ந்தான். மோசமாகவும் சொல்லவில்லை; அவனும் அண்ணன் கடையில் வளர்ந்தவன்தான். செல்லக்கனி கடைக்குப் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். இரண்டே நாளில் பேச்சு கிளம்பியது. அவள் வாயில் இருப்பது தொற்றுநோய், வெண்குட்டம் உள்ளே இறங்கியிருக்கிறது, அவள் கை பட்ட புகையிலையை வாங்காதே. வழக்கமாக வரும் பகவதியம்மாள் காசை எட்ட நின்று வைத்துவிட்டு, பொட்டலத்தை மேலே போடச் சொன்னாள். செல்லக்கனி காசைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள். எட்ட நின்று வாங்குகிறவர்களுக்குச் சரக்கு கிடையாது என்றாள். அன்று அவள் கடையில் விற்றது மிகக் குறைவு. மறுநாள் அதைவிடக் குறைவு. கடையை மட்டும் ஒரு நாளும் நேரத்துக்கு முன்னால் சாத்தவில்லை.

இந்த முறை அவள் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். வெள்ளை அப்படியே இருந்தது. கீழ் ஓரத்தில் மிளகளவுக்குச் சிவப்பு ஒன்று புதிதாகத் தெரிந்தது. அதைத்தான் அவர் நெடுநேரம் பார்த்தார். வழவழவென்று ஒரே வெள்ளையாக இருப்பதைவிட, நடுவில் சிவப்பு கலந்ததும் சொரசொரவென்று தடித்ததும் சந்தேகத்துக்கு இடம் தருபவை என்று சொன்னார். மரத்துப்போக ஊசி போட்டு ஓரத்திலிருந்து ஒரு துளி தோலை எடுத்து, பரிசோதனைக்காக வெளியூருக்கு அனுப்பினார். பதில் வரப் பல வாரம் ஆயிற்று.

சுண்ணாம்பு இல்லை, புற்றும் இல்லை. புற்றாக மாறுகிற வழியில் நடக்கத் தொடங்கிவிட்ட தோல். எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எப்போது போய்ச் சேரும், போய்ச் சேராமலே நிற்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது வெட்டினால் வெள்ளையோடு முடியும். விட்டுப்பார்த்தால் பிறகு தாடையோடு வெட்டும்படி ஆகலாம். டாக்டர் இதை நீட்டாமல் சொன்னார். அவளும் அழவில்லை. அவருடைய பந்தயம் என்ன ஆயிற்று, தப்பு யாருக்கு என்று கேட்டாள். பந்தயத்தை விடுங்கள், எப்போது வருகிறீர்கள் என்றார்.

அந்த வாரம் நாராயணபெருமாள் உறவுக்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கத்தி பட்டால் சும்மா கிடப்பதும் கிளம்பிவிடும், கத்தி பட்டவர்கள் யாரும் திரும்பவில்லை, கிழக்கே ஒரு வைத்தியர் பச்சிலை பூசி ஆற்றுகிறார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த ஊரில் அந்த நாளில் இது கெட்ட எண்ணத்தில் வந்த பேச்சு மட்டுமல்ல. ஆஸ்பத்திரிக்குக் கடைசி நிமிடத்தில் போனவர்களைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்கள், அவர்கள் திரும்பவில்லைதான். செல்லக்கனி முழுவதும் கேட்டாள். பிறகு கொழுந்தனைப் பார்த்துக் கேட்டாள்.

“நீ பயப்படது என் கன்னத்துக்கா, கடைக்கா?”

“ரெண்டுக்கும்தான் மைனி.”

“நேரச் சொன்னதுக்குக் கொள்ளாம், நல்லது. கன்னத்த நான் பாத்துக்கிடுகேன். கடையவும் நான் பாத்துக்கிடுகேன்.”

ஆஸ்பத்திரியில் சம்மதம் சொல்ல ஆண் துணை யார் என்று கேட்டார்கள். கன்னம் என்னுது, கைநாட்டும் என்னுதுதான் என்றாள். டாக்டர் இஸ்ரவேல் சிரிக்காமல் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

வெட்டினார்கள். புண் ஆற நாள் பிடித்தது. அதுவரை கஞ்சித் தண்ணிதான். ஆறிய பிறகு கன்னம் உள்ளே இறுகிவிட்டது. முன்பு போல வாய் திறக்கவில்லை. சோற்றுருண்டையைச் சிறிதாக உருட்ட வேண்டியிருந்தது. சிரித்தால் முகம் ஒரு பக்கம் இழுத்தது. அதற்காக அவள் சிரிப்பைக் குறைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் கடையில் இருந்தாள். கத்தி பட்டும் திரும்பி வந்திருக்கிறாளே என்று பார்க்க வந்தவர்களிடம் வாயைத் திறந்து, திறக்கிற அளவுக்குத் திறந்து, காட்டினாள்.

புகையிலையை அவள் அதற்குப் பிறகு வாயில் வைக்கவில்லை. விற்பதை நிறுத்தவும் இல்லை. டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டப் போகும்போதெல்லாம் இதே சண்டை. கடையை விட்டால் எனக்குச் சோறு ஆஸ்பத்திரியிலா போடுவீர்கள் என்பாள். அவர் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே, நீங்கள் விற்கிற ஒவ்வொரு பொட்டலமும் எனக்கு வேலை வைக்கிறது என்பார். இரண்டு பேருக்கும் மற்றவர் சொல்வதில் நியாயம் இருப்பது தெரியும். இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை.

கடையில் அவள் ஒரு புது வழக்கம் வைத்தாள். பொட்டலம் கட்டும்போதே சொல்வாள்: ஒரே இடத்தில் ஒதுக்காதே, வாயில் அடக்கிக்கொண்டு உறங்காதே, உள்ளே வெள்ளை இருந்தால் பூ என்று சொல்லிக்கொண்டு திரியாதே, எல்லாவற்றையும் ரெண்டு வாரம் விட்டுப்பார், போகவில்லை என்றால் பஸ் ஏறு. பொயில வாங்க வந்தவனுக்குச் சாவைச் சொல்லியா விற்பது என்று சிலர் வேறு கடைக்குப் போனார்கள். போகிறவர்களைக் கூப்பிட்டும் சொன்னாள். கொழுந்தனிடமும் சொன்னாள். அவன் கடைசிவரை அவளிடம் வாயைத் திறந்து காட்டவில்லை.

1954. ஊர் முழுக்க எல்லைப் பேச்சு. எந்த ராஜ்யத்தோடு சேர்வது என்று தெருவுக்குத் தெரு கூட்டம், ஊர்வலம், கடையடைப்பு. சரக்கு ஒழுங்காக வருவதில்லை. அந்தச் சமயத்தில் ஹனீபா பெரிய சுமை ஒன்றைப் பேசி வரவழைத்தார். வண்டி வந்தது. நாராயணபெருமாள் வாயில் வைத்துப் பார்த்து, எல்லாம் யாழ்ப்பாணம், ஒண்ணாந் தரம் என்றான். விற்க வந்தவனோடு அவன் முந்தின நாள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதைச் சிலர் பார்த்திருந்தார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு. ஹனீபா அவன் சொன்னதை ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கலப்படச் சரக்கு என்றால் அவர் பெயர் கெடும்; நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பினாலும் பெயர் கெடும். இரண்டடி தள்ளியிருந்த செல்லக்கனியின் கடைக்கு வந்தார். கூட்டமும் கூடவே வந்தது.

அவருக்கு அவள் வாயைப் பற்றி முழுக்கத் தெரியும். அதனால் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் கேட்டார்.

“ஒரே ஒரு தடவ செல்லக்கனி. வலது பக்கம் வச்சுப் பாரு. உடனே துப்பிரு. எனக்காக.”

“ஒரு தடவ ஒரு தடவையாத்தான் மொதலாளி இடது பக்கம் போச்சு.”

ஹனீபா தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவரைத் திட்டவில்லை; ஆனால் இறங்கியும் வரவில்லை. உங்களுக்காக வைக்காதவள் வேறு யாருக்காகவும் வைக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டிக்குப் போனாள். ஒரு கிண்ணம் தண்ணீரும் தீப்பெட்டியும் கேட்டாள்.

வாயால் என்றால் ஒரு சிப்பத்துக்கு ஒரு நிமிடம். இது அப்படியில்லை. ஒவ்வொரு சிப்பத்தையும் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் பிரிக்கச் சொன்னாள். இலையை உள்ளங்கையில் நனைத்துத் தேய்த்து மோந்தாள். நரம்பை ஒடித்துப் பார்த்தாள். நுனியைக் கொளுத்திச் சாம்பலைப் பார்த்தாள். வெயில் ஏறியது. கூட்டம் பொறுமை இழந்தது. இப்படிப் பார்த்தால் பொங்கலுக்குத்தான் வியாபாரம் என்று ஒருவர் சொன்னார். அவசரமென்றால் உம்ம கன்னத்தில் வைத்துப் பாரும் என்று அவள் நிமிராமல் சொன்னாள். அவர் வைக்கவில்லை.

மதியச் சோற்று நேரத்தில் சிப்பங்கள் மூன்று பிரிவாக நின்றன. பெரும்பகுதி நல்ல சரக்கு. ஐந்தில் கலப்படம், அவிழ்த்துக் கொட்டியபோது விற்க வந்தவனே அவற்றைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தான். இரண்டு சிப்பம் மட்டும் தனியாக ஓரத்தில் கிடந்தன. அவை என்ன என்று ஹனீபா கேட்டார்.

“தெரியல்ல” என்றாள்.

கூட்டம் சலசலத்தது. நாராயணபெருமாள் இதற்காகவே காத்திருந்தவன் போலச் சொன்னான்: “வாயில வச்சா தெரியும்லா மைனி.”

“தெரியும். வைக்க மாட்டேன். அந்த ரெண்டும் என்னன்னு தெரிஞ்சே ஆகணும்னா நீ வச்சுப் பாரு. வைக்கதுக்கு முந்தி எல்லாரும் பாக்க வாயத் தொற.”

அவன் வாயைத் திறக்கவில்லை. வேறு யாரும் முன்வரவும் இல்லை. ஹனீபா அந்த இரண்டு சிப்பத்தையும் வண்டியில் திருப்பி ஏற்றச் சொல்லிவிட்டு, நல்லதை எடை போடச் சொன்னார். செல்லக்கனி கைகளைக் கழுவிக்கொண்டு, அடுத்து வந்து நின்ற வண்டிக்காரனிடம் எத்தனை சிப்பம் என்று கேட்டாள். நேரமாகும், உச்சி வெயிலில் மாட்டை நிறுத்தாதே, அவிழ்த்து நிழலில் கட்டு என்றாள்.